ஏழாவது அச்சு

நூற்று நாற்பத்தாறு. சற்றுமுன் பார்த்தபோதும் நூற்று நாற்பத்தாறுதான். கரண்டுச் சூளையின் நெற்றியில் சிவப்பாக எரியும் இந்தச் சூட்டு எண் ஐம்பதுக்குக் கீழே இறங்கினால்தான் மூடியைத் தூக்கலாம், அதற்கு ஐந்து மணியாகிவிடும், இப்போது மணி இரண்டு. உள்ளே என்னுடைய சேம்பு இலைகள் ஏழு, சுகந்தியின் வெற்றிலைகள் பதினொன்று, எல்லாம் அச்சுக்குள் கண்ணாடியாக உறைந்து கிடக்கின்றன. ஆறு அச்சுக்கு வெள்ளை பூசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏழாவதுக்குப் பூசினேனா. அதுதான் பெரியது, என் கையால் ஒன்றரைச் சாண் அகலம், செடிக்கு நடுவில் நிற்கப்போகிற இலை, அது இல்லாவிட்டால் மற்ற ஆறும் வெறும் தழை. பூசியிருப்பேன். பதினொரு வருடமாக இந்தப் பட்டறையில் பூசுகிறேன், கை தானாகப் போயிருக்கும். சுண்ணாம்பு மாதிரி கரைத்த வெள்ளை மண், மெல்லிய பிரஷ், இடமிருந்து வலம் ஒரு தரம், மேலிருந்து கீழ் ஒரு தரம், அப்படி நாலு பூச்சு. அது இல்லாமல் கண்ணாடி ரவையைக் கொட்டிச் சூளையில் வைத்தால் உருகின கண்ணாடி அச்சு மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு அச்சை உடைக்க வேண்டும் அல்லது இலையை உடைக்க வேண்டும், பெரும்பாலும் இரண்டும் உடையும். தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுவது மாதிரி என்று ஒருமுறை என் மகளுக்குச் சொன்னேன். ஆனால் தோசை ஒட்டினால் சுரண்டி எடுத்துத் தின்றுவிடலாம். முந்தாநாள் காலை பத்து மணி. ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். இடதுபக்கம் ஆறு அச்சு வரிசையாக, பூசி முடித்தது, ஈரம். ஏழாவதை மடியில் எடுக்கிறேன். பிரஷை நனைக்கிறேன். அதற்குப் பிறகு என்ன தெரிகிறது என்றால் சுகந்தியின் கை தெரிகிறது.

எத்தனை முறை போய்ப் பார்த்தாலும் அவள் கைதான். எதிர் மேசையில் உட்கார்ந்து அவள் வெற்றிலை அச்சுக்குப் பூசிக்கொண்டிருந்தாள், பிரஷ் அச்சில் படுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அவ்வளவு மெதுவாக. நாங்கள் பூசினால் பிரஷ் மயிரின் தடம் விழும், அது அப்படியே கண்ணாடியில் பதிந்து இலை முகத்தில் கோடு கோடாக நிற்கும். பதினொரு வருடமாக பட்டறைக்கார மேடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார், அஞ்சலா, இந்தக் கோடு மட்டும் போயிட்டா எவ்வளவு நல்லா இருக்கும் என்று. நாங்கள் என்கிறேன், நாங்கள் யார், நான் ஒருத்திதான். போன சித்திரைவரை இந்தத் தகர ஷெட்டில் மேடமும் நானும் மட்டும்தான். சுகந்தி வந்து எட்டு மாதம். அவள் பூச்சில் தடம் கிடையாது. எப்படிடி என்று கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லிக் கொடுத்திருப்பாள், அதனால்தான் கேட்கவில்லை. கொஞ்சம் தண்ணி கூட விடுறாளா, பிரஷை வேற மாதிரி பிடிக்கிறாளா, மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசுகிறாளா என்று முந்தாநாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுண்டுவிரலை அச்சின் ஓரத்தில் ஊன்றிக்கொள்கிறாள், அது தெரிந்தது. அவள் வளையலைக் கழற்றி மேசை மேல் வைத்திருந்தாள், அது தெரிந்தது. என் மடியில் இருந்த அச்சு மட்டும் தெரியவில்லை. பிறகு மேடம் காரைத் திருப்ப வேண்டும், கேட்டைத் திற என்றார், எழுந்து போனேன், கார் போனதும் வாசலைப் பெருக்கிவிட்டு அரைமணி கழித்துத் திரும்பி வந்தபோது ஏழும் காயப்போட்டிருந்தது. நான்தான் காயப்போட்டுவிட்டுப் போனேனா. புது அச்சாக இருந்தால் மண் நிறத்தை வைத்துத் தெரிந்துவிடும். இது போன மாதம் சூளைக்குப் போய் வந்த அச்சு, பழைய வெள்ளை வரிவரியாகத் தங்கியிருக்கும், பார்த்தால் பூசினது மாதிரியே இருக்கும், ஆனால் ஒரு தரம் வெந்த வெள்ளை மறுதரத்துக்கு உதவாது.

நூற்று முப்பத்தெட்டு. பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டல், அங்கே வரவேற்பு மேசையில் வைக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டாத செடி ஒன்று வேண்டுமாம். ஒன்றுதான். ஆளுக்கொரு செடிக்கு இலை வார்த்து வையுங்கள், எது நன்றாக வருகிறதோ அதை நாளைக்கு வளைத்துத் தண்டில் பொருத்தி அனுப்பலாம் என்றார் மேடம். அப்புறம் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார், பக்கத்தில் ஒரு கார்டு வைப்பார்கள், செய்தவர் பெயர் அதில் அச்சடித்திருக்கும் என்று. அவருக்கு அது ஒன்றுமில்லை, சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. நான் செய்த மீன், நான் செய்த தாமரை, நான் செய்த வாழைக் கன்று எத்தனை ஊரில் எத்தனை மேசையில் இருக்கிறதோ, ஒன்றில்கூட நான் இல்லை. ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு எங்கே பெயர் வரும், ரேஷன் கார்டில் வரும், கல்யாணப் பத்திரிகையில் வந்தது. சுகந்தி பன்னிரண்டு முடித்தவள். சூளைக்குச் சூடு எத்தனை, எத்தனை மணி நேரம் என்று எழுதியிருக்கிற இங்கிலீஷ் தாளை மேடம் இப்போது அவளிடம்தான் கொடுக்கிறார். முன்னாலெல்லாம் வாசித்துச் சொல்வார், நான் கேட்டு மனதில் வைத்துக்கொள்வேன், ஒரு தடவை பிசகியதில்லை. இப்போது நான் எதற்கு மனதில் வைக்க வேண்டும். அவளைக் கொண்டுவந்து விட்டதே நான்தான், அதை யாரிடம் போய்ச் சொல்வது. என் கொழுந்தன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுத்தபோது, ஓரகத்தி ஆயிற்றே, ஒரே வாசல் ஆயிற்றே என்று மேடத்திடம் நான்தான் கெஞ்சினேன். ரவை இடிக்க ஒரு ஆள் வேணும்தானே மேடம், இவ வாயைத் திறக்க மாட்டா, சொன்ன வேலையச் செய்வா. இடிக்கத்தான் வந்தாள். இரும்புக் குழாயில் கண்ணாடியைப் போட்டு இடித்து, சலித்து, ரவை தனி, நொய் தனி, மாவு தனி. நாலு மாதத்தில் அச்சுக்கு வந்துவிட்டாள். எனக்கு மூன்று வருடம் ஆனது. அப்போது சொல்லித்தர மேடத்துக்கே தெரியாது, இருவரும் உடைத்து உடைத்துக் கற்றோம், அது வேறு. ஆனால் யார் அதையெல்லாம் கணக்கில் வைக்கிறார்கள்.

சுகந்தி பின்வாசலில் உட்கார்ந்து சல்லடை கழுவிக்கொண்டிருக்கிறாள். போனில் பேசுகிறாள், சிரிக்கிறாள். சிரிப்பு வந்த விதத்திலேயே யாரென்று தெரிந்துவிட்டது. “அக்கா, யாழினி பேசுறா. நீங்க போன எடுக்கலையாம்.” பையில கெடக்கு என்றேன். “காலேஜ்ல ஊட்டிக்கு டூர் போறாங்களாம். உங்ககிட்ட நான் சொல்லணுமாம்.” ஏன், அவளுக்கு வாயில்லையா என்றேன். “நீங்க கத்துவீங்களாம், நான் சொன்னா கத்த மாட்டீங்களாம்.” அதற்கு போனுக்குள்ளிருந்து என் மகள் ஏதோ சொல்ல இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் கத்துகிறவள்தான். பத்தொன்பது வயசுப் பெண்ணைப் பெற்றவள் கத்தாமல் என்ன செய்வாள். இவளுக்குப் பிள்ளை இல்லை, கத்த வேண்டிய அவசியம் இல்லை, அதனால் சித்தி நல்ல சித்தி. இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன், அவ்வளவு கெட்டவள் இல்லை, ஆனால் நினைக்கிறேன். தலை பின்னிக்கொள்ள யாழினி அந்தப் பக்கம் போகிறாள், ஜாக்கெட் அளவுக்கு அந்தப் பக்கம் போகிறாள். என் வீட்டு மனுஷன் போன ஞாயிற்றுக்கிழமை நெத்திலிக் குழம்பை ஊற்றிக்கொண்டு, இது சுகந்தி வெச்சதா என்றார். ஆமாம் என்றேன். ரெண்டாவது தரம் ஊற்றிக்கொண்டார். அது நான் வைத்தது. கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்படியா என்று நிறுத்தியிருப்பார், அதைப் பார்க்க எனக்குப் பயம். போகட்டும், போய்ட்டு வரச் சொல்லு, ஸ்வெட்டர் எடுத்துக்கச் சொல்லு என்றேன். “அக்கா சரின்னுட்டாங்கடி, நான் சொன்னேன்ல.” நான் சொன்னேன்ல. நான் சரி சொல்வேன் என்பதும் அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

நூற்றுப் பதினேழு. ஏழாவதில் அடையாளம் இருக்கும். பூசி முடித்ததும் ஈரம் காயுமுன் அச்சின் பக்கவாட்டு வெள்ளையில் ஆணியால் ஒரு கீறல் போட வேண்டும், எனக்கு ஒற்றைக் கோடு, சுகந்திக்குச் சின்ன வட்டம். இந்த வழக்கத்தைக் கொண்டுவரச் சொன்னதும் நான்தான். ஆவணியில் ஒரு இலை ஒட்டிக்கொண்டு உடைந்தது, யார் பூசியது என்று மேடம் கேட்டார், நான் இல்லை என்றேன், சுகந்தி நான் இல்லைன்னு நெனைக்கிறேன் மேடம் என்றாள். அந்த நெனைக்கிறேன்தான் என்னைச் சுட்டது. நேற்று வந்தவள் தப்புக்கு நான் பேர் வாங்க முடியாது, ஆளுக்கொரு அடையாளம் வையுங்க மேடம் என்றேன். இப்போது அந்த அச்சின் பக்கவாட்டில் என் கோடு இருந்தால் நான் பூசியிருக்கிறேன், இல்லாவிட்டால் பூசவில்லை. ரவை நிரப்பும்போது அதைப் பார்க்கவில்லையா என்றால் பார்க்கவில்லை. இலை நரம்புக்கு மஞ்சள் மாவை டீ வடிகட்டியால் தூவிக்கொண்டிருந்தேன், அது கை நடுங்காமல் செய்ய வேண்டிய வேலை, அதன் மேல் பச்சை நொய், அதன் மேல் கரும்பச்சை ரவை, ஓரத்தில் மட்டும் வெறும் கண்ணாடி ரவை, அப்போதுதான் விளிம்பில் வெளிச்சம் நிற்கும். அந்த விளிம்பு என் யோசனை. யாரும் சொல்லித்தரவில்லை. மழை பெய்து விட்ட பிறகு எங்கள் வாய்க்காலோரத்துச் சேம்பு இலையைப் பார்த்து நானே கண்டுபிடித்தது. அதை அச்சில் போடும்போது சுகந்தி எட்டிப் பார்த்து, “அக்கா, இது சூப்பரா இருக்கும்க்கா” என்றாள். அப்போதும் அவள் அச்சில் என்ன நிறம் போட்டிருக்கிறாள் என்றுதான் என் கண் போனது. வெற்றிலைக்கு இளம்பச்சை, காம்புப்பக்கம் துளி சிவப்பு. நல்ல யோசனை. அந்தத் துளி சிவப்பு இரண்டு இரவு என்னைத் தூங்க விடவில்லை.

மூடியை ஒரு விரல் அளவு தூக்கினால் பார்த்துவிடலாம். பெரிய அச்சு முன்பக்கம்தான் இருக்கிறது, பக்கவாட்டு என்னைப் பார்த்தபடி. டார்ச் அடித்தால் போதும். எழுந்து போய்க் கைப்பிடி மேல் கை வைத்தேன், துணியில்லாமலே வைக்க முடிகிற சூடுதான். பின்வாசலில் தண்ணீர்ச் சத்தம். மேடம் மதிய உணவுக்குப் போனவர் வரவில்லை. நூற்றுப் பதினைந்தில் வெளிக்காற்று உள்ளே போனால் கண்ணாடிக்கு ஆகாது, ணங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். யாரும் பார்க்கவில்லை. கரண்டு போய் வந்தது மேடம், தெரியலையே மேடம் என்று சொல்லிவிடலாம். அப்போது இன்னொன்று தோன்றியது, அதை நான் தேடிப் போகவில்லை, தானாக வந்து நின்றது. வெற்றிலைகள் பெரிய அச்சுக்கும் முன்னால், ஓரத்தை ஒட்டி இருக்கின்றன, காற்று முதலில் அவற்றின் மேல்தான் படும். பதினொன்றும் போகும். ஊட்டி, நெத்திலிக் குழம்பு, துளி சிவப்பு, எல்லாம் ஒரே ணங்கில் போகும். கை கைப்பிடியில் இறுகியது. என்னை நிறுத்தியது நல்ல புத்தி என்று சொன்னால் பொய். வெற்றிலை மெலிசு, மெலிசானது ஒரே சீராகக் குளிர்ந்து தப்பித்துக்கொள்ளும். கனமான கண்ணாடிதான் வெளியே குளிர்ந்து உள்ளே சூடாக இருந்து பிளக்கும். முதலில் போவது என்னுடைய பெரிய இலைதான். பதினொரு வருடத்தில் கற்றது குறுக்கே வந்து நின்றது. கையை எடுத்தேன். திரும்பினால் சுகந்தி இரண்டு டம்ளரோடு நிற்கிறாள், எப்போது வந்தாள் தெரியவில்லை. “பயமா இருக்குல்லக்கா” என்றாள். எதுக்குடி பயம் என்றேன். “எனக்கு இருக்கு. ராத்திரியெல்லாம் ஒண்ணு ஒண்ணா ஒடையிற மாதிரியே கனவு.” டீயைக் கொடுத்தாள். சர்க்கரை கம்மியாக, எனக்கு எப்படி வேண்டுமோ அப்படி. குறை சொல்ல ஒரு இடம் வேண்டும் என்று குடித்துப் பார்த்தேன், ஆறியிருக்கவும் இல்லை.

எண்பத்திரண்டு. அறுபத்தேழு. அதற்குமேல் எண்ணைப் பார்க்க முடியவில்லை, சுவரைப் பார்த்தேன். ஒட்டியிருந்தால் என்ன ஆகும் என்று ஒழுங்காக நினைத்துப் பார்த்துக்கொண்டேன். மேடம் திட்ட மாட்டார், அதுதான் கொடுமை, பரவால்ல அஞ்சலா என்பார். வெற்றிலை பெங்களூர் போகும். கார்டில் சுகந்தி. யாழினி அதை போட்டோ எடுக்கச் சொல்லி எல்லாருக்கும் அனுப்புவாள், எனக்கும் அனுப்புவாள். இந்த மனுஷன் போனைத் தள்ளிப் பிடித்து வாசிப்பார், நம்ம சுகந்தியா என்பார். நானும் சிரிக்க வேண்டும். ஒட்டவில்லை என்றால், ஒட்டவில்லை என்றால் நான் பூசியிருக்கிறேன் என்று அர்த்தம், அவ்வளவுதான், கை தானாகப் போயிருக்கிறது. அப்படியே இருக்கட்டும். மேடம் கார் வந்தது. ஐம்பத்தொன்று, திறக்கலாமே என்றார். இன்னும் ரெண்டு இறங்கட்டும் மேடம் என்றேன், என் குரல் எனக்கே பெரியதாகக் கேட்டது.

நாற்பத்தெட்டில் நானும் சுகந்தியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூடியைத் தூக்கினோம். வெதுவெதுப்பாக ஒரு மூச்சு முகத்தில் பட்டது. வேறு எதையும் பார்க்காமல் நேராகப் பெரிய அச்சின் பக்கவாட்டைப் பார்த்தேன். வட்டம். சின்ன வட்டம், வாய் சரியாகச் சேர்ந்த வட்டம். ஒரு கணம் அது வெற்றிலை அச்சு என்று நினைத்தேன், அவ்வளவு பெரிய வெற்றிலை உலகத்தில் கிடையாது. நான் கேட்டைத் திறக்கப் போனபோது என் ஸ்டூலிலிருந்து எடுத்துப் பூசியிருக்கிறாள். நாலு பூச்சு. அடையாளமும் போட்டிருக்கிறாள், வழக்கப்படி, ஒட்டினால் தன் தலையில் விழட்டும் என்று. சொல்லவில்லை. முந்தாநாளும் சொல்லவில்லை, நேற்றும், டீ கொடுக்கும்போதும். சொன்னால் எனக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்து சொல்லாமல் இருந்திருக்கிறாள், அதையும் தெரிந்து வைத்திருக்கிறாள். “எடுங்கக்கா” என்றாள். அச்சைக் கவிழ்த்து உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினேன். இலை கையில் விழுந்தது. எண்ணெய் தடவின மாதிரி வழுக்கிக்கொண்டு விழுந்தது. வெற்றிலைகளும் வந்தன, பதினொன்றும் முழுசாக, துளி சிவப்பு நான் பயந்ததைவிட அழகாக. மேடம் ஒவ்வொன்றாகத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். வெற்றிலையை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பெரிய இலையை எடுத்தார், நரம்புப் பக்கத்தைத் திருப்பினார், விரலால் தடவினார். “அஞ்சலா, இங்க பாரு. ஒரு கோடு இல்ல. பதினோரு வருஷமா சொல்றேன், இன்னைக்குத்தான் பூச்சு பூசியிருக்க.” விளிம்பைப் பற்றியும் சொன்னார், வெளிச்சம் நிற்கிறது என்றார், அது என் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. “வெற்றிலையும் நல்லாத்தான் இருக்கு சுகு. ஆனா இது போகட்டும். இதோட முகம் அப்படி இருக்கு.” சுகந்தி தலையாட்டினாள். உதட்டைக் கடிக்கிறாளா என்று பார்த்தேன். கடிக்கவில்லை. கண் மட்டும் ஒருமுறை வெற்றிலைகள் மேல் போய்த் திரும்பியது. ஆசை இருந்திருக்கிறது. அவளுக்கும் அந்தக் கார்டு வேண்டியிருந்திருக்கிறது.

சூளையிலிருந்து அச்சுகளை எடுத்துப் பின்வாசலில் அடுக்கினேன். வெந்த வெள்ளையைக் காய்ந்த பிரஷால் தேய்த்து உதிர்க்க வேண்டும், அதை நாளைக்குச் செய்தாலும் போதும். நான் பெரியதை எடுத்து வைத்துத் தேய்த்தேன். முதலில் பக்கவாட்டு. வட்டம் பொடியாக உதிர்ந்து என் புடவை மேல் விழுந்தது, இரண்டு இழுப்பில் போய்விட்டது, அந்த இடத்தில் வெறும் மண். மேலும் தேய்த்தேன், தேய்க்க ஒன்றும் இல்லாத இடத்திலும் தேய்த்தேன். பக்கத்தில் நிழல் விழுந்தது. சுகந்தி. அச்சைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். இப்போது சொல்வாள் என்று நினைத்தேன், சொல்லட்டும், ஏதாவது சொல்லட்டும், ஏன்க்கா என்று ஒரு வார்த்தை, அதைப் பிடித்துக்கொண்டு நான் சண்டை போட்டுவிடுவேன், ஊட்டிவரைக்கும் இழுத்துச் சண்டை போட்டுவிடுவேன். “மாஸ்க் போடாம தேய்க்காதீங்கக்கா, இந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது” என்று ஒன்றை நீட்டினாள். வாங்கிப் போட்டுக்கொண்டேன். கண்ணுக்குக் கீழே முழுக்க மறைந்தது, அதுவரைக்கும் நல்லது. மேடம் கையில் பேனாவோடு வாசலுக்கு வந்தார். “கார்டுக்குப் பேர் அனுப்பணும். உன் முழுப் பேர் என்ன அஞ்சலா? இத்தனை வருஷம் நான் கேட்டதே இல்ல பாரு.” சொன்னேன். மாஸ்க்குக்குள் என் மூச்சுதான் எனக்கே திரும்பி வந்தது. “என்ன?” என்றார். மறுபடி சொல்ல மாஸ்க் மேல் கை வைத்தேன், கீழே இழுக்கவில்லை. சுகந்தி அடுத்த அச்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டே சொன்னாள். “அஞ்சலாட்சி, மேடம். அஞ்சலாட்சின்னு முழுசா போடுங்க.” மேடம் எழுதிக்கொண்டு உள்ளே போனார். அவள் குரலில் ஒரு குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இழுவையில் தேடினேன், முழுசா என்றாளே அதில் தேடினேன். இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.